ஒரு பெயர்ச்சொல் குறைவு

"அப்பாவின்ர பேரைச் சொல்லுங்கோ, அம்மா."

இப்படிக் கேட்கக்கூடாது என்று தேனுஜாவுக்கு ஏழு வயதிலேயே சொல்லியாகிவிட்டது. வாயால் சொல்லவில்லை, அகப்பைக் காம்பால் சொன்னது. பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்ட படிவத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "அப்பாவின்ர பேர் என்ன?" என்று கேட்ட பிள்ளையின் முழங்கைக்குக் கீழே ஒன்று விழுந்தது. "கொப்பரிட்டயே போய்க் கேள். என்னட்ட இதை மட்டும் ஒருநாளும் கேக்கப்படாது" என்றாள் மகாதேவி. இருபது வருடம் தேனுஜா கேட்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டேகால். நாலு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். இனிக் கேட்காமல் எப்போது கேட்பது?

மகாதேவி வறுத்த மாவைக் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, பால்மாத் தகரப்பேணியின் விளிம்பால் கொத்திக்கொண்டு நின்றாள். டக், டக், டக். விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய் எட்டு மணித்தியாலம் கால்கடுக்க நின்றுவிட்டு வந்தவள், சப்பாத்தைக் கழற்றின கையோடு புட்டுக்கு நிற்கிறாள். வெளியே கார்த்திகை மாதத்து மழை, மழை என்று சொல்லவும் தகுதியில்லாத ஒரு தூறல், மூன்று நாளாய் யன்னலில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"கேக்குதோ? ஒரேயொரு சொல்லு."

"பூசணிக்காயை வெட்டித் தா."

"பூசணிக்காய் எண்டு வாயில வருது. அது வரேல்லையோ?"

"பூசணிக்காய் எனக்குத் தாலி கட்டேல்லை" என்றாள் மகாதேவி. கொத்துவதை நிறுத்தவில்லை.

மகாதேவிக்கு அந்தச் சலவைத் தொழிற்சாலையில் இது பத்தொன்பதாவது வருடம். ஜெர்மனியின் பான் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கைச் சீலையும் ஏழெட்டு முதியோர் இல்லங்களின் உடுப்பும் அங்கேதான் வரும். முதல் ஆறு வருடம் அவள் ஊத்தைப் பக்கம். மூட்டையை அவிழ்த்து, சீலைக்குள் சுருண்டு கிடக்கும் கத்தரிக்கோல், ஊசி, பல்செட்டு எல்லாம் பொறுக்கி எடுக்கிற வேலை. பிறகு மாங்கிள் என்கிற சூட்டு உருளை. ஈரச் சீலையின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து இழுத்து உள்ளே கொடுக்க, அந்தப் பக்கம் பலகை மாதிரி வந்து விழும். ஆவியில் அவளுடைய முன்னங்கை மயிரெல்லாம் உதிர்ந்துபோயிற்று. இப்போது நாலு வருடமாகப் பேர் ஒட்டுகிற மேசை. முதியோர் இல்லத்து உடுப்பு ஆளுக்காள் மாறக்கூடாது என்று ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் ஒரு சின்ன வெள்ளைச் சீலைத்துண்டு வைப்பார்கள். மகாதேவி பேரைத் தட்டுவாள், மெசின் கறுப்பெழுத்தில் அச்சடித்துத் துப்பும், சூட்டில் வைத்து அமத்தினால் பிடித்துக்கொள்ளும். "எண்பது தரம் அவிச்சாலும் போகாது" என்று அதில் அவளுக்கு ஒரு பெருமை. ஹில்டகார்ட் வேபர், ஒட்டோ ஷ்மிட்ஸ் என்று ஊரார் பேரையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் தட்டுவாள்.

அவளுடைய ஜெர்மன் முழுக்கப் பெயர்ச்சொற்களால் ஆனது. வினைச்சொல் நொண்டும், இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே சட்டிக்குள் கிடந்து அவியும். ஆனால் பெயர்ச்சொல் பிசகாது. ஜெர்மன்காரன் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டெர், டீ, டாஸ் என்று ஒன்றைப் போட்டு, அது ஆணா, பெண்ணா, இரண்டுமில்லாத அதுவா என்று சொல்லியாக வேண்டும். மேசை ஆண், விளக்கு பெண், பெட்டைப்பிள்ளை அது. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் இதைப் படித்துப் பட்டம் எடுத்து, இப்போது வளர்ந்தோர் கல்லூரியில் அகதிகளுக்குப் படிப்பிக்கிற தேனுஜாவே சிலவேளை அகராதி பார்ப்பாள். மகாதேவி பார்க்க மாட்டாள்.

"அதில என்ன கஷ்டம்?" என்று ஒருமுறை சொன்னாள். "டெர் ட்ரொக்னர், காய வைக்கிற மெசின். ஆம்பிளை. வேலையில்லை, சூடு மட்டும். டீ மாங்கிள், பொம்பிளை. முழு வேலையும் அவள்தான். டாஸ் லாக்கன், படுக்கைச் சீலை. அது நடுவில கிடந்து நசியும்."

தேனுஜா அதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். சிரியாவிலிருந்து வந்த தச்சன் ஒருவன் மேசையில் அடித்துச் சிரித்தான். இன்று காலை வகுப்பும் பெயர்ச்சொல்தான். "வசனத்தில பெயர்ச்சொல் முதல்ல வரோணும். அதுக்குப் பிறகுதான் அவன், அவள், அது. ஆரைப் பற்றி எண்டு சொல்லாமல் 'அவர் வந்தார், அவர் போனார்' எண்டு தொடங்கினால் கேக்கிறவனுக்கு ஒண்டும் விளங்காது" என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்துவிட்டு, மழையில் சைக்கிள் உழக்கி, பின்முற்றத்தால் வந்து, நாலு மாடி ஏறி, அவர் வந்தார் அவர் போனார் என்றே முப்பது வருடம் ஓட்டின வீட்டுக்குள் நுழைந்தாள்.

அவர் என்றால் நித்தியானந்தன். கூடத்தில், சாய்கதிரையில், காலுக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறார்.

அகதியாய் வந்த காலத்தில், பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அலுவலகக்காரன் இவர்களிடம் அப்படி ஒன்று இல்லை என்று கண்டு, புருசனின் பேரைத் தூக்கி அதற்குள் போட்டுவிட்டான். அன்றிலிருந்து மகாதேவி, திருமதி நித்தியானந்தன். மகளும் நித்தியானந்தன். எர்லாங்கனில் எஞ்சினியர் வேலை பார்க்கிற மகன் நிலக்சனும் நித்தியானந்தன். மகாதேவியை வேலைத்தலத்தில் நாளைக்கு நாற்பது தரம் அந்தப் பேரால் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறாள். கையெழுத்தாக எழுதுகிறாள். சொல்ல மாட்டாள். எழுதலாம், கேட்கலாம், சொல்லத்தான் கூடாது. சொன்னால் புருசனின் ஆயுள் குறையும். அந்தச் சட்டத்தை எழுதினது செத்துப்போன மாமியார். டாக்டரிடம் போனால் பேர் கேட்க முதலே காப்புறுதி அட்டையை நீட்டிவிடுவாள்.

அட்டையை நீட்ட முடியாத இடம் தொலைபேசி. இந்த நாட்டில் தொலைபேசியைத் தூக்கினால் ஹலோ இல்லை, முதலில் குடும்பப் பெயர். அதனால் ஒன்பது வயதிலிருந்து தேனுஜாதான் மகாதேவி. தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு, "நித்தியானந்தன், வணக்கம்" என்று ஜெர்மனில் சொல்லிப் பல்வைத்தியரிடம் நேரம் எடுத்தாள். வீட்டுக்காரனோடு சண்டை பிடித்தாள். தனக்கே சுகமில்லை என்று அம்மாவின் குரலில் பள்ளிக்கூடத்துக்கு அறிவித்தாள். நிலக்சனைக் கேட்கவில்லை. அவன் ஆம்பிளைப்பிள்ளை, அவனுக்குப் படிப்பு இருந்தது.

சலவைத் தொழிற்சாலையின் பொறுப்பாளர் கிரேமர் அம்மா முட்டாள் இல்லை. போன கிழமை தொலைபேசியில் தேனுஜாவை வெட்டினாள். "நீங்கள் மகள் என்று எனக்குப் பதினைந்து வருடமாய்த் தெரியும். வைகாசியில் அம்மாவாகக் கதைக்கும்போது உங்கள் குரல் உடைந்ததும் தெரியும். எனக்கு இப்போது தாய் வேண்டும்." காலை ஷிஃப்டின் பொறுப்பைப் பார்க்கிறவள் ஓய்வு பெறுகிறாள். அந்த இடம் மகாதேவிக்கு. நிற்கிற வேலை இல்லை, பாரம் தூக்கத் தேவையில்லை, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன மனுசிக்கு ஒரு கதிரை. ஆனால் இடுப்பில் ஒரு தொலைபேசி தொங்கும். ஆஸ்பத்திரிக்காரர் எடுப்பார்கள். பேர் சொல்லிக் கதைக்க வேண்டும். "வெள்ளி நாலு மணிக்கு வீட்டுக்கு எடுப்பேன். உங்கள் அம்மாவே தூக்கி, பேர் சொல்லட்டும். சொன்னால் திங்கட்கிழமையிலிருந்து அவர்தான். இல்லையென்றால் அடுத்த ஆள்." அந்த இடம் கிடைக்காவிட்டால், பேர் ஒட்டுகிற மேசையும் மாசியோடு இல்லை. அதற்குப் புது மெசின் வருகிறது. பிறகு திரும்ப ஊத்தைப் பக்கம், ஐம்பத்தாறு வயதில், குனிந்து நிமிர்ந்து.

"அம்மா, உங்கட முழங்காலைப் பாருங்கோ. ஒரு சொல்லுக்காண்டி—"

"பேருக்கு முன்னுக்கு டெர், டீ போடுறதோ?" என்று மகாதேவி திடீரென்று கேட்டாள்.

"என்ன?"

"ஆக்களின்ர பேருக்கு. சீலைத்துண்டில நாங்கள் போடுறேல்லை. அது பிழையோ எண்டு கேக்கிறன்."

"பிழையில்லை. ஆக்களின்ர பேருக்கு ஒண்டும் தேவையில்லை. அது தனிய நிக்கும்."

"ம்" என்றாள் மகாதேவி. மாவை அள்ளி புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்குள் போட்டாள்.

படிப்பிக்க வந்தவளிடம் இலக்கணம் கேட்டுக் கதையை மாற்றுகிறாள் என்று தேனுஜாவுக்கு எரிச்சல் ஏறியது. பூசணிக்காயைக் கொலை செய்கிற மாதிரி வெட்டினாள்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "இஞ்சரும்! தேத்தண்ணி ஒண்டு போடும்."

இஞ்சரும். இங்கே பாரும் என்கிற இதுதான் மகாதேவியின் பேர். பிள்ளைகளோடு கதைக்கும்போது "கொம்மா". வெளியாட்களோடு கதைக்கும்போது "எங்கட ஆள்". கோபம் வந்தால் "இது". இது சொன்னால் கேளாது, இது ஒரு சாமான். அவருக்குப் பேர் சொன்னால் யாருடைய ஆயுளும் குறையாது. அவர் சொல்லாததற்குக் காரணமும் இல்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் இந்த நாட்டில் இருந்தும் அவருடைய ஜெர்மன் பெயர்ச்சொல்லெல்லாம் பெண்பால். டீ செஃப், டீ பஸ், டீ டொக்டர். திருத்தினால், "அவனுக்கு விளங்கினால் போதும்" என்பார்.

தன் பேரில் மட்டும் பிழை பொறுக்க மாட்டார். கோயில் நிர்வாகசபைச் செயலாளர். திருவிழாவில் ஒலிவாங்கியில் "திருவாளர் நித்தியானந்தன் அவர்கள்" என்று சொல்கிறபோது, கேட்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை அறிவிப்பாளன் "நித்தியானந்தம்" என்றுவிட்டான். மூன்று மாதம் அவனோடு கதைக்கவில்லை. கீழே வாசலில் பதினாலு அழைப்புமணி இருக்கிறது. மற்ற வீடுகளுக்கெல்லாம் கடதாசித் துண்டு. இவருக்குப் பித்தளைத் தகடு, கடையில் கொடுத்து வெட்டுவித்தது.

அந்தத் தகடுதான் அவரைக் கொல்லப் பார்த்தது. ஆறு வருடத்துக்கு முந்தி, ஒரு ஞாயிறு காலை, குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தேனுஜா அப்போது லைப்சிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். மகாதேவி அவசர எண்ணுக்கு எடுத்தாள். தெருப் பேர் சொன்னாள், இலக்கம் சொன்னாள். மணியில் என்ன பேர் என்று கேட்டார்கள். "என்ர மனுசன்ர பேர்" என்றாள். அவருடைய பேர் என்ன? "அவர்" என்றாள். ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. பதினாலு மணியையும் வரிசையாய் அமத்தி, ஞாயிற்றுக்கிழமை நித்திரையில் கிடந்த சனத்தை எழுப்பி, அவர்கள் நாலாம் மாடிக்கு ஏறி வர ஒன்பது நிமிடம் போயிற்று. ஆஸ்பத்திரிப் பத்திரத்தில் நேரம் எழுதியிருந்தது, தேனுஜா வாசித்தாள். இருதயத்தில் ஒரு துண்டு செத்துப்போனது அந்த ஒன்பது நிமிடத்தில்தான் என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார்.

அவர் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். கோயிலில், கலியாண வீட்டில், செத்த வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும் அவருக்கு அது கதை. "சாகக் கிடக்கேக்கையும் என்ர பேரைச் சொல்லேல்லை. அதுதான் நான் இண்டைக்கும் உசிரோட நிக்கிறன்." கேட்கிற பெண்டுகள் மகாதேவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். மகாதேவி குனிந்து சீலைத் தலைப்பைத் திருகுவாள். அதில் அவளுக்கும் ஒரு சந்தோசம் இருந்ததோ என்று தேனுஜாவுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் வரும்போதெல்லாம் தாயின் மேலும் அருவருப்பு வரும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவாள்.

மூன்றரைக்குத் தியாகராசா வந்தார். கோயில் பொருளாளர், நித்தியானந்தனுக்கு ஊர்க்காரன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடையை வாசலில் உதறி வைத்து, மூச்சு வாங்கினார்.

"இந்தப் படியேறி வாறதுக்கு ஒரு பதக்கம் தரோணும், மச்சான். ஆ, தேனு, நீ நிக்கிறியே? சூட்கேஸ் வாசல்ல நிக்குது. எங்க பயணம்?"

"லைப்சிக், மாமா. அஞ்சரை ரயில்."

"சனி ஞாயிறுக்குப் போறாள்" என்றார் நித்தியானந்தன்.

"இல்லை மாமா, வேலைக்குப் போறன். செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைச்சனான். அப்பாவுக்கும் சொன்னனான்."

"அது இன்னும் கதைச்சு முடியேல்லை" என்றார் நித்தியானந்தன், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு.

தியாகராசா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைப் பார்த்தார். "கீழ ஆரும் புது ஆக்கள் வந்திருக்கினமோ? உன்ர தகட்டுக்குக் கீழ வெள்ளையாய் ஒண்டு ஒட்டிக் கிடக்கு. கண்ணாடி கொண்டு வரேல்லை, வாசிக்கேலாமல் போச்சு."

"மூண்டாம் மாடி வெறுமையாய்க் கிடந்தது. ஆரும் வந்திருப்பினம். இந்த நாட்டில இப்ப ஒட்டுறதுக்கும் ஒரு முறை இல்லை, மற்றவன்ர தகட்டோட கொண்டுவந்து ஒட்டுறது."

மகாதேவி புட்டைத் தட்டில் கொட்டி, பூசணிக்காய்க் கறியும் பயித்தங்காய்ப் பொரியலும் வைத்துக் கொண்டுவந்து தியாகராசாவுக்கு முன்னால் வைத்தாள்.

"அக்கா, உங்கட கைப் புட்டுக்கு எட்டாம் மாடியும் ஏறலாம்" என்று அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டார். "என்ன, வீடு ஒரு மாதிரிக் கிடக்கு? ஆரும் செத்துப்போச்சினமோ?"

தேனுஜாதான் சொன்னாள். வேலை, தொலைபேசி, நாலு மணி, பேர், எல்லாம். நித்தியானந்தன் தொண்டையைச் செருமினார், அவள் நிறுத்தவில்லை.

"அட, சொல்லிவிட வேண்டியதுதானே அக்கா!" என்றார் தியாகராசா. "என்ர மனிசி என்னைத் தியாகு எண்டுதான் கூப்பிடுறா. ரோட்டில நிண்டு கத்துவா, தியாகு, பாலை மறந்திடாதை எண்டு. இருபது வருசமாய்க் கூப்பிடுறா. எனக்குப் பிரஷர் மட்டும்தான். அதுவும் அவ பேர் சொன்னதால இல்லை, சமையலால."

தேனுஜா சிரித்தாள். மகாதேவியின் வாயோரமும் ஒருமுறை அசைந்தது. நித்தியானந்தன் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு முறை இருக்கு, தியாகு. நான் சொல்லாதை எண்டு சொல்லேல்லை. ஒருநாளும் சொல்லேல்லை. கேட்டுப்பாரும். எங்கட ஆள் தன்ர விருப்பத்தில, என்னில உள்ள மரியாதையில செய்யிறது. அதை நான் ஏன் உடைக்கோணும்?"

"அப்ப உங்களுக்குப் பிரச்சினையில்லை?" என்றாள் தேனுஜா.

"எனக்கென்ன பிரச்சினை?"

"அப்ப நல்லது. கிரேமர் அம்மா நேற்று இன்னொண்டும் சொன்னவ. நீங்கள் என்ன சொல்லுவியளோ எண்டு அம்மாட்டயும் இன்னும் சொல்லேல்லை. உங்கட பேர் கட்டாயமில்லையாம். அம்மா தன்ர சொந்தப் பேரைச் சொன்னாலும் போதுமாம். 'சலவைத் தொழிற்சாலை, மகாதேவி, வணக்கம்.' ஆஸ்பத்திரிக்காரருக்கு ஆரோ ஒரு ஆளின்ர பேர் இருந்தால் சரி. நாங்கள் மண்டையை உடைக்கத் தேவையே இல்லை."

"பாரன்! முடிஞ்சுது அலுவல்" என்று தியாகராசா புட்டுக் கையைத் துடைத்தார்.

நித்தியானந்தன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"அது சரிவராது."

"ஏன்?"

"ஏனெண்டால்? புருசன் உசிரோட இருக்க, குடும்பப் பேர் ஒண்டு இருக்க, தன்ர பேரைச் சொல்லிக்கொண்டு நிக்கிறதோ? கேக்கிறவன் என்ன நினைப்பான்? புருசனை விட்டுப்போட்டு வந்தவள் எண்டு நினைப்பான். இல்லாட்டில் செத்துப்போனான் எண்டு நினைப்பான்."

"ஆஸ்பத்திரியில போர்வை எண்ணுறவன் உங்களைப் பற்றி நினைக்க மாட்டான், அப்பா. அவனுக்கு நீங்கள் இருக்கிறதே தெரியாது."

"அதுதான் சொல்லுறன்! தெரியோணும்!"

அது வெளியே வந்துவிட்டது. தியாகராசா குனிந்து பயித்தங்காயைக் கிளறினார். மகாதேவி சுவரோடு நின்றாள், கையில் வெறும் தட்டு. தேனுஜாவுக்கு இருபது வருடமாய்த் தேடின சொல் கிடைத்த மாதிரி இருந்தது. இந்த மனுசனுக்குத் தன் பேர் அந்த வாயால் வரவும் கூடாது, அந்த வாயால் வேறு பேர் வரவும் கூடாது. வசனத்தில் எழுவாய் இருக்கிற இடத்தை மறித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்காரனையே ஒன்பது நிமிடம் வாசலில் நிற்க வைத்த மரியாதை இது. இதற்கு ஒரு பித்தளைத் தகடு வேறு.

"எனக்கு ட்ராமுக்கு நேரமாகுது" என்று தியாகராசா எழும்பினார். வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, தேனுஜாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ போ பிள்ளை, உன்ர அலுவலைப் பார்" என்றார். கூடத்தில் வைத்து அதைச் சொல்ல அவருக்கும் தைரியம் இல்லை. அவரையும் அவள் அப்பாவின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

மணி நாலாகப் பத்து நிமிடம்.

"இஞ்ச பார் தேனு" என்றார் நித்தியானந்தன். குரலை மென்மையாக்கினார், கோயிலில் சந்தாக் கேட்கிற குரல். "நீ படிச்ச பிள்ளை. எங்கட பரம்பரையில பட்டம் எடுத்த முதல் பொம்பிளைப்பிள்ளை நீ. பானிலயும் பள்ளிக்கூடம் இருக்கு. அந்தத் தொலைபேசியைக் கொம்மா இடுப்பில கட்டட்டும், அடிச்சால் உன்ர கைத்தொலைபேசிக்கு வாற மாதிரிச் செய்யலாமாம், நிலக்சன் சொன்னவன். நீ கதைச்சுவிடு. முந்தியும் கதைச்சனிதானே. கொம்மாவுக்கும் வேலை, உனக்கும் வீட்டுச் சாப்பாடு."

"நிலக்சன் சொன்னவனோ?"

"ஓம். அவனுக்கு இதுகள் தெரியும்."

"அப்ப அவன்ர தொலைபேசிக்கு வரட்டும். அவனும் நித்தியானந்தன்தானே. எர்லாங்கனில இருந்துகொண்டு போர்வை எண்ணட்டும்."

"வாய் காட்டாதை!"

"அப்பா, நான் பதினெட்டு வருசம் ஒரு பொம்பிளையின்ர வாயாய் இருந்திட்டன். எனக்கு இருபத்தேழு வயசு. நான் போய் நிண்ட இடத்திலெல்லாம் ஆக்கள் எனக்குப் பின்னால ஒருத்தியைத் தேடிச்சினம். இனிமேல் ஏலாது."

"அப்ப கொம்மா திரும்ப ஊத்தைப் பக்கம் போகட்டுமோ? அதுதான் உன்ர படிப்போ?"

தேனுஜா தாயைப் பார்த்தாள். ஏதாவது சொல், உனக்காக ஒரு சொல், பெயர்ச்சொல் வேண்டாம், ஒரு இடைச்சொல்லாவது சொல் என்று பார்த்தாள். மகாதேவி குசினிக்குள் போய், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். ஒவ்வொரு விரலாய்த் துடைத்தாள். ஈரக்கையோடு மாங்கிளைத் தொடக்கூடாது என்று பழகின துடைப்பு. வந்து, தொலைபேசி இருக்கிற சின்ன மேசைக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி இருந்தாள்.

இப்படித்தான் இருப்பாள் என்று தேனுஜாவுக்குத் தெரியும். அடிக்கும்வரை பக்கத்தில் இருப்பாள், அடித்தவுடன் எடுத்து மகளின் கையில் தருவாள். ஒன்பது வயதிலிருந்து அதுதான்.

நாலு மணி அடிக்க, தொலைபேசியும் அடித்தது. ஜெர்மன்காரி, ஒரு நிமிடம் பிந்த மாட்டாள்.

"தேனு, எடு" என்றார் நித்தியானந்தன்.

தேனுஜா மேற்சட்டையை எடுத்தாள்.

"எடு எண்டுறன்!"

ஒரு கையை விட்டாள், மற்றக் கையை விட்டாள். தொலைபேசி மூன்றாம் தடவை அடித்தது. மகாதேவி அதன் மேல் கையை வைத்திருந்தாள். தூக்கவில்லை.

"அம்மா, ரெண்டு பேர் இருக்கு. ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ. நான் வரேல்லை."

"வெளியில குளிர்" என்றாள் மகாதேவி. "தொப்பியைப் போடு."

அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்து முழங்கால், ஒரு கதிரை, ஒரு சொல். அதெல்லாவற்றுக்கும் முன்னால் இந்த மனுசிக்குத் தொப்பிதான் பெரிசு. தேனுஜா தொப்பியைப் போடாமலே சூட்கேஸைத் தூக்கினாள். கதவைச் சாத்தவில்லை, திறந்தே விட்டாள். அவர் எழும்பி வந்து சாத்தட்டும், அவருடைய வீடு, அவருடைய பேர்.

நாலாம் மாடிப் படிக்கட்டில் தொலைபேசி ஐந்தாவது தடவை அடிப்பது கேட்டது. மூன்றாம் மாடியில் அந்த வெறும் வீடு. கதவில் பேர் இல்லை, கடதாசி ஒட்டின அடையாளமும் இல்லை, கைபிடியில் பழைய விளம்பரத் தாள்கள் செருகிக் கிடந்தன. அங்கே நிற்கிறபோது ஆறாவது. இரண்டாம் மாடிக்கு இறங்கும்போது மணி நின்றுவிட்டது. மகாதேவி தூக்கியிருக்கலாம். கிரேமர் அம்மா அலுத்து வைத்திருக்கலாம். பதினெட்டு வருடம் அடுத்த பக்கத்துக் குரலுக்குக் காது கொடுத்தவள் இந்த முறை நின்று கேட்கவில்லை. சூட்கேஸின் சில்லுப் படியில் இடித்துக்கொண்டு இறங்கியது.

முன்வாசலைத் திறந்தாள். சைக்கிள் இருந்தால் பின்முற்றத்தால் போவது, வருவது. இந்தப் பக்கம் வந்து மூன்று நாலு நாளாயிற்று. தூறல் முகத்தில் அடித்தது. மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, பதினாலு அழைப்புமணி இருக்கிற பலகை. பித்தளைத் தகடு. அதற்குக் கீழே, தியாகராசா கண்ணாடி இல்லாமல் பார்த்த வெள்ளை.

அது கடதாசி இல்லை. சீலை. முதியோர் இல்லத்துச் சட்டைக் கழுத்தில் வைக்கிற துண்டு, ஓரம் வெட்டினது நூல் பிடித்த மாதிரி நேர். கறுப்பு அச்செழுத்தில், முதலெழுத்துப் பெரிதாக, ஜெர்மன்காரன் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் போடுகிற மாதிரி:

Mahadevi

முன்னால் டீ இல்லை. திருமதி இல்லை. பின்னால் யாருடைய பேரும் இல்லை. தனியாக நின்றது.

விடிய நாலரைக்கு, முழுக்கட்டடமும் படுத்துக் கிடக்க, வேலைக்கு இறங்கின மனுசி, தொப்பியும் கையுறையுமாய் இதில் நின்று ஒட்டியிருக்கிறாள். ஒட்டிவிட்டுத்தான் மத்தியானம் வந்து மாக் கொத்தினாள். பேருக்கு முன்னுக்கு டெர், டீ போடுறதோ என்று கேட்டாள். தொப்பியைப் போடு என்றாள்.

"சொல்லித் துலைச்சிருக்கலாமே, அம்மா" என்றாள் தேனுஜா, பித்தளைத் தகட்டைப் பார்த்து.

நகத்தால் துண்டின் ஓரத்தை நோண்டிப் பார்த்தாள். வரவில்லை. என்ன பசை போட்டாளோ, மழை மேலே விழுந்து வழிந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. எண்பது தரம் அவிக்கட்டும்.

மணியை அமத்தவில்லை. மேலே ஏறவும் இல்லை. பைக்குள் கிடந்த தொப்பியை எடுத்துக் காது மூடப் போட்டுக்கொண்டு, சூட்கேஸை இழுத்துக்கொண்டு ட்ராம் பக்கம் நடந்தாள்.